கொட்டப்பட்டு சனிக்கிழமைகள்



நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் கேம்ப் போகலாம், மரம் நடலாம் என்றுதான் பேர் கொடுத்தேன். ஆனால் சார் எங்கள் நாலு பேருக்குக் கொடுத்த வேலை வேறு. சனிக்கிழமை சாயங்காலம் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குப் போய், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தர வேண்டும்.

சத்திரத்தில் பஸ் ஏறி, ஜங்ஷன், டி.வி.எஸ். டோல்கேட் எல்லாம் தாண்டி ஏர்போர்ட் பக்கம் போகணும். முதல் நாள் பஸ்ல நான் வாயே திறக்கல. காரணம் இருக்கு.

எட்டாவது படிக்கும்போது அந்த முகாமிலிருந்து ஒருத்தன் எங்க வகுப்பில் சேர்ந்தான். யாரோ அவனுக்கு ‘அகதி’ என்று பட்டப்பேர் வைத்தார்கள். நான் வைக்கல. ஆனா சிரிச்சேன். அவன் திரும்பி என்னைத்தான் பார்த்தான்.

அன்று என் முன்னால் உட்கார்ந்த எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி அவனுடைய தங்கச்சி!

‘மை நேட்டிவ் பிளேஸ் இஸ்...’ என்று பலகையில் எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னேன். நாமெல்லாம் யோசிக்காமல் நிரப்பின வாக்கியம்தானே! அங்கே ஒரே அமைதி. ஒரு பையன், “மன்னார் அண்ணா. ஆனா நான் பார்த்ததில்ல” என்றான். அவனுடைய தங்கச்சி மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “அண்ணா, நான் பொறந்த ஊரை எழுதணுமா, அம்மா சொல்ற ஊரை எழுதணுமா?”

எனக்குப் பதில் தெரியல. நல்லவேளை, தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது. “கொழும்பு ப்ளேன்!” “இல்லடா, சிங்கப்பூர்!” என்று எல்லாரும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் தப்பித்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவனே வந்து வீட்டுக்குக் கூப்பிட்டான். அவங்க அம்மா, “இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார்கள். 1990-இல் சண்டை மறுபடி தொடங்கியபோது, ஆறு வயதில் தலைமன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவர்களாம். கடலில் சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு திருச்சி. பிள்ளைகள் இரண்டு பேரும் பிறந்தது நம்ம திருச்சியில்தான். ஆனாலும் அவர்கள் இந்தியக் குடிமக்கள் இல்லை!

எனக்கு நம்பவே முடியல. மறுநாள் சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் கடுமை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஓர் அக்கா நீதிமன்றம் வரை போய், 2024 தேர்தலில்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். என் நண்பன் பிறந்ததோ 2009-இல். எனக்குப் பதினெட்டு வயதானால் ஓட்டு வரும். அவனுக்கு?

இரண்டாவது சனிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் அவனிடம், “எட்டாவதுல நான் சிரிச்சது தப்புடா” என்றேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தான். “நீ சிரிச்சதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. பேர் வச்சவனை மறந்துட்டேன்” என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பஸ் வந்ததும், “அடுத்த வாரம் வருவியா? தங்கச்சி கேட்டா” என்றான். வந்துகொண்டுதான் இருக்கிறேன். இதை அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றான்.

2021-இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பேரை எடுத்துவிட்டு, ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. சட்டம் மாறுவது நம் கையில் இல்லை. நம்ம வாயில் வரும் பேரை மாற்றுவது நம்ம கையில்தானே இருக்கு? யோசியுங்கள் நண்பர்களே!

அப்புறம் அந்தக் கோடிட்ட இடம். தங்கச்சி பெரிய எழுத்தில் ‘திருச்சி’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். நான் ‘சரி’ போட்டுக் கொடுத்தேன்.

– நாட்டு நலப்பணித் திட்ட மாணவன்,
பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு