எட்ட நின்று பார்த்தல்



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து, கோயில் முற்றத்தில் மக்களோடு அளவளாவிக்கொண்டிருந்தபோது, பங்கு இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். கூடு ஒன்றில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி இருந்தன. ஒரு சாண் தொலைவிலிருந்து எடுத்த படம். சுற்றி நின்றோர் யாவரும் வியந்து பாராட்டினர். அவன் என் பாராட்டையும் எதிர்பார்த்து நின்றான். எனக்கோ வாய் எழவில்லை. காரணத்தைப் பின்னர் அவனிடம் தனியே கூறினேன். மற்ற பிள்ளைகளுக்கும் அது பயன்படும் என்று கருதி, நெடுநாள் என் மனத்தை உறுத்திவரும் குற்றம் ஒன்றை இங்கே எழுதத் துணிகின்றேன்.

2005ஆம் ஆண்டு, கல்வராயன் மலையடிவாரத்தில் நான் பணியாற்றிய காலம் அது. கள்ளக்குறிச்சி அன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2019இல்தான். வளைகுடா நாட்டில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் எனக்குச் சிறியதொரு டிஜிட்டல் காமிராவைப் பரிசளித்தார். பிலிம் சுருள் வாங்கவும் வேண்டாம், கழுவக் கொடுக்கவும் வேண்டாம் என்பதால், ஓய்வு கிடைத்த நாளெல்லாம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறிவிடுவேன்.

பாஸ்கு விழாவுக்கு அடுத்த வாரத்தில், மலையூர் ஒன்றில், புதருக்குள்ளே கொண்டைக்குருவியின் கூடு ஒன்றைக் கண்டேன். கிண்ணம் போன்ற கூடு. உள்ளே செம்புள்ளிகளோடு மூன்று முட்டைகள். இலைகள் மறைத்ததால் படம் தெளிவாக விழவில்லை. ஆகவே குறுக்கே நின்ற இரண்டு சிறு கிளைகளை ஒடித்தேன். தாய்ப்பறவை பக்கத்து மரத்தில் அமர்ந்து கத்திக்கொண்டே இருந்தது. அதன் குரலைக் கேட்டேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. பத்துப் பதினைந்து படங்கள் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்பினேன்.

மறுநாள் சென்று பார்த்தபோது கூடு வெறுமையாய்க் கிடந்தது. அவ்வழியே சாமைக் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நின்றார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இலைதான் சாமி அதுக்குக் கதவு. நீங்க கதவைக் கழட்டி வச்சிட்டுப் போயிட்டீங்க. காக்கா பார்த்துக்கிட்டேதான் இருந்திச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். குருமடத்தில் நான் கேட்ட எத்தனையோ சொற்பொழிவுகள் மறந்துபோயின; அந்தச் சொல் மறக்கவில்லை.

அதன்பின்தான் சிலவற்றைத் தேடிப் படித்தேன். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கியைத் தொட்டும் அறியாத நான், சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரனாய் நின்றேன். அச்சட்டத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், வழியில் பறவைக் கூட்டைக் காண்பவன் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது என்று கட்டளையிட்டிருக்கின்றது. குருவாகிய நான் அப்பகுதியைப் பலமுறை வாசித்தவன். என் கைக்கு அது எட்டவில்லை.

காமிராவைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று எண்ணினேன். விவரம் அறிந்த நண்பர் ஒருவர் வேறு வழி காட்டினார். "கிட்டப் போவதுதானே தவறு? எட்ட நின்று எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று கூறி, டெலி கன்வெர்ட்டர் என்னும் கூட்டு லென்ஸ் ஒன்றை எனக்கு வாங்கித் தந்தார்.

பெரிய காமிராக்களில் இதனை உடலுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்துவார்கள். இரு மடங்காகப் பெரிதாக்கும் கன்வெர்ட்டரைப் பொருத்தினால் ஒளியில் நான்கில் ஒரு பங்கே உள்ளே சேரும். சிறு காமிராவின் லென்ஸைக் கழற்ற இயலாது. ஆதலால் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் முகப்பில் கன்வெர்ட்டரைத் திருக வேண்டும். இதில் ஒளியிழப்பு மிகக் குறைவு. எனக்குக் கிடைத்தது 1.7 மடங்கு பெரிதாக்கும் ஒலிம்பஸ் டிகான்-17. என் காமிராவின் 380 மில்லிமீட்டர் எட்டம் அதனால் 646 ஆயிற்று. ஜூமை முழுமையாக நீட்டினால்தான் அது பயன்படும். சுருக்கினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். ஓரங்களில் சற்று மங்கலும், வானத்தை ஒட்டிய கிளைகளில் ஊதா விளிம்பும் தோன்றும். பெரிதாகத் தெரிவதால் கையின் நடுக்கமும் பெரிதாகும். நொடியில் அறுநூறில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். மலையில் முக்காலி தூக்கிச் செல்ல முடியாமல், துணிப்பையில் சாமையை நிரப்பி, பாறைமேல் வைத்து, அதன்மேல் காமிராவைக் கிடத்தக் கற்றேன்.

ஆயினும் அக்கண்ணாடியின் ஒரு குணமே என்னை ஆட்கொண்டது. அதைப் பொருத்தியபின் அருகிலுள்ள பொருள் தெளிவாகத் தெரியாது. முன்பு எவ்வளவு நெருங்க முடிந்ததோ, அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விலகி நின்றால்தான் படம் துலங்கும். அருகே சென்றால் எல்லாம் மங்கிப்போகும். என் மனச்சான்று செய்யத் தவறியதை அந்தக் கண்ணாடி செய்தது.

பில்டர்களைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பதுண்டு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பில்டர் டிஜிட்டல் காமிராவுக்குப் பெரிதாகத் தேவையில்லை. தூசும் கீறலும் படாமல் லென்ஸைக் காக்கும், அவ்வளவே. மலிவான கண்ணாடியானால் எதிர் வெயிலில் பொய் ஒளி காட்டும். போலரைசர் என்பது வேறு. அதை மெல்லத் திருப்பினால் நீர்மேல் கிடக்கும் பளபளப்பு விலகி, அடியில் திரியும் மீன்கள் தெரியும். மழை நின்றபின் இலைகளின்மேல் வெள்ளையாய் ஒளிரும் மினுக்கு மறைந்து உண்மைப் பச்சை புலப்படும். சாம்பல் நிற பில்டர் ஒளியைக் குறைக்கும். பெரியார் அருவியையும் மேகம் அருவியையும் வெண்பட்டு போல் எடுக்க உதவும். ஆனால் இவையிரண்டும் ஒளியை விழுங்குவன. பறவையை எடுக்கும்போது கன்வெர்ட்டரோடு இவற்றையும் சேர்த்து மாட்டினால் வேகம் குன்றிப் படம் கலங்கும். எதை மாட்டுவது என்பதைப்போலவே எதைக் கழற்றி வைப்பது என்பதையும் அறிய வேண்டும்.

கருவி பெரிதா, பொறுமை பெரிதா என்று கேட்போருக்கு மா. கிருஷ்ணனை நினைவூட்டுவேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் (1912–1996), வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைத் தாமே இணைத்து ஒரு கருவி அமைத்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, பெரும்பாலும் கருப்பு வெள்ளையிலேயே யானைகளையும் பிற விலங்குகளையும் படம் பிடித்தார். இன்றோ 2018இல் வந்த நிக்கான் பி1000 போன்ற காமிராக்கள் கன்வெர்ட்டர் இல்லாமலே 3000 மில்லிமீட்டர் வரை எட்டுகின்றன. என் பழைய கண்ணாடி இன்றைய பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்போல் தோன்றலாம். ஆனால் எட்ட நிற்கும் மனம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

2007ஆம் ஆண்டு, அதே மலையில் மற்றொரு கொண்டைக்குருவிக் கூட்டைக் கண்டேன். பதினைந்து அடி தள்ளி ஒரு பாறையின் பின்னே, சாமைப் பையின்மேல் காமிராவை வைத்துப் படுத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழிந்தது. தாய் வந்தது, புழுவை ஊட்டியது, பறந்தது, மீண்டும் வந்தது. ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் திரும்பினேன். சில வாரங்களுக்குப்பின் கூடு வெறுமையாயிருந்தது; இம்முறை குஞ்சுகள் பறந்துபோயிருந்தன.

அப்படம் இன்றும் என் அறைச் சுவரில் தொங்குகின்றது. குறுக்கே ஓர் இலை, பாதிக் கூட்டை மறைத்து நிற்கின்றது. வருகிறவர்கள், "அந்த இலையை விலக்கியிருக்கலாமே, சாமி" என்கின்றனர். அதுதான் கதவு என்று அவர்களுக்குச் சொல்லி வருகின்றேன்.