மதுரையை விட பக்கம்!

சின்னதா ஒரு குவிஸ் பாஸ். மீனம்பாக்கத்துல விமானம் ஏறப் போறீங்க. எந்த ஊர் பக்கம்? மதுரையா, யாழ்ப்பாணமா?

மதுரைன்னு சொன்னீங்கன்னா அவுட்! நேர்கோடு போட்டுப் பார்த்தா சென்னை - மதுரை சுமார் 420 கி.மீ. சென்னை - யாழ்ப்பாணம் சுமார் 355 கி.மீ.தான்.

நம்பலையா? கால்குலேட்டரை எடுங்க. சென்னை ஏர்போர்ட்டோட அட்சரேகை 12.99 டிகிரி. யாழ்ப்பாணத்துக்கான பலாலி ஏர்போர்ட் 9.79 டிகிரி. தீர்க்கரேகை ரெண்டுக்குமே 80 டிகிரியை ஒட்டித்தான். அதனால நேரா தெற்கே போனா போதும். வித்தியாசம் 3.2 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. பெருக்கிக்குங்க!

அடுத்தது நேரம். இந்த ரூட்ல பறக்கிறது ஏ.டி.ஆர். 72 ரக புரொப்பல்லர் விமானம். நடுவானத்துல மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகம். அப்போ 43 நிமிஷத்துல போயிடணுமே? ஆனா டிக்கெட்ல ஒன்றேகால் மணி நேரம் மாதிரி போட்டிருப்பாங்க. இங்கே சக்கரத்துக்கு வெச்ச கட்டையை எடுக்கறதுல இருந்து, அங்கே கட்டை வைக்கிற வரைக்கும் கணக்கு. பேரு பிளாக் டைம். ரன்வேக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது எல்லாம் அதுல சேர்த்தி.

இந்த 355 கி.மீ.க்குள்ள ஒரு பெரிய கதையே இருக்கு. பலாலியில ரன்வே போட்டது இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் விமானப்படை. 1947 டிசம்பர்ல ஏர் சிலோன் ஆரம்பிச்ச முதல் சர்வீஸே கொழும்பு - யாழ்ப்பாணம் - மெட்ராஸ்தான். அப்புறம் உள்நாட்டுப் போர். பலாலி ராணுவத் தளமாச்சு, நேரடி விமானம் இல்லாமப் போச்சு. 2009-ல போர் முடிஞ்ச பிறகும் பத்து வருஷம் அதே நிலைமை.

யாழ்ப்பாணத்துல இருந்து சென்னையில ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வரணும்னா என்ன பண்ணுவாங்க? கிட்டத்தட்ட 400 கி.மீ. தெற்கே கொழும்புக்குப் போகணும். அங்கேயிருந்து 645 கி.மீ. வடக்கே பறக்கணும். மொத்தம் 1,000 கி.மீ.க்கு மேல!

2019 அக்டோபர் 17-ல பலாலி சர்வதேச விமான நிலையமா திறந்தாங்க. நவம்பர்ல அலையன்ஸ் ஏர் சென்னையில இருந்து பறக்க ஆரம்பிச்சது. 2020-ல கொரோனா வந்து நிறுத்திடுச்சு. மறுபடி 2022 டிசம்பர்லதான் சர்வீஸ் தொடங்கிச்சு. 2024 செப்டம்பர்ல இண்டிகோவும் வந்தது. 2025 மார்ச்ல திருச்சி - யாழ்ப்பாணம் ரூட்டும் ஆரம்பம். அது வெறும் 184 கி.மீ. மாதிரிதான். நேர்கோட்டுல பார்த்தா கிட்டத்தட்ட திருச்சி - கோவை தூரம்தான்!

கடைசியா ஒண்ணு. மதுரைக்கு ஏற ஆதார் கார்டு போதும். அதை விடப் பக்கத்துல இருக்கற யாழ்ப்பாணத்துக்கு பாஸ்போர்ட் வேணும். மறந்துடாதீங்க!