பிணக்கும் இணக்கமும்

மொழி மனிதனுக்கே உரியது என்று நாம் பெருமை கொள்கிறோம். தமிழ் பயிற்றுவிக்கும் எனக்கும் அப்பெருமை உண்டு. ஆயினும் நம் முன்னோர் விலங்குகளை ஊமைகளாகக் கருதவில்லை. யானை பிளிறும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும், புலி உறுமும், குரங்கு அலப்பும் என ஒவ்வோர் உயிரின் ஓசைக்கும் தனிச்சொல் வழங்கினர். தொல்காப்பியர் மரபியலில் விலங்குகளின் ஆண்பால், பெண்பால், இளமைப் பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறார். மரபுச்சொற்களை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், "ஐயா, இவை தமக்குள் என்னதான் பேசிக்கொள்ளும்?" என்று மாணவர் ஒருவர் வினவினார். அவ்வினாவே என்னை விலங்கியல் நூல்களின் பக்கம் திருப்பியது. அங்கே நான் கண்டவற்றுள் சிலவற்றை ஈண்டுப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் யானை. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர விலங்குக்காட்சிச் சாலையில் 1984-ஆம் ஆண்டு ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காதுக்கு எட்டாத ஓர் அதிர்வைக் காற்றில் உணர்ந்தார். ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, யானைகள் 20 ஹெர்ட்ஸுக்கும் குறைந்த அதிர்வெண்ணில் உரையாடுகின்றன என்பது புலனாயிற்று. மனிதச் செவியின் எல்லைக்குக் கீழே அமைந்த அவ்வொலி, சில கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள உறவையும் சென்றடையவல்லது. நாம் பிளிறல் என்று பெயரிட்டது அவற்றின் பேச்சில் ஒரு பகுதியே.

விலங்குகளின் பேச்சு அன்புக்கு மட்டும் பயன்படுவதன்று. பகையை அளந்து பார்க்கவும் பயன்படுகிறது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் வாழும் செம்மான்களைக் கிளட்டன்-பிராக், ஆல்பன் என்ற இருவர் ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட முடிவு நோக்கத்தக்கது. இணைசேரும் பருவத்தில் எதிர்ப்படும் இரு கலைமான்கள் எடுத்த எடுப்பிலேயே கொம்பால் மோதுவதில்லை. முதலில் மாறி மாறி முழங்குகின்றன. வலிமை குன்றியது நெடுநேரம் முழங்க இயலாது. அது அப்போதே விலகிக்கொள்ளும். முழக்கத்தில் முடிவு ஏற்படாவிடில், இரண்டும் பக்கம் பக்கமாக நடந்து ஒன்றையொன்று கணிக்கும். அதுவும் பயன் தராதபோதே கொம்புகள் பூட்டிக்கொள்ளும். போருக்கு முன் இரண்டு வாயில்கள். பல பகைகள் அவ்வாயில்களிலேயே திரும்பிவிடுகின்றன.

சண்டை மூண்டே விட்டால் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரிலிருந்து வந்தது. அங்குள்ள விலங்குக்காட்சிச் சாலையின் சிம்பன்சிக் கூட்டத்தைப் பிரான்ஸ் டி வால் 1975 முதல் கவனித்து வந்தார். சற்றுமுன் கடித்துக் குதறிக்கொண்டவை, சிறிது நேரத்தில் கை நீட்டுவதையும், தழுவி முத்தமிடுவதையும் அவர் கண்டார். எதிரிகள் ஒருவரையொருவர் தவிர்ப்பர் என்ற எண்ணத்துக்கு மாறாக, மோதியவையே ஒன்றையொன்று நாடின. இதனைச் 'சமரசம்' என்றே பெயரிட்டு 1979-இல் எழுதினார்.

அக்கூட்டத்துப் பெண்களுள் மூத்ததற்கு 'மாமா' என்று பெயர். அவர்தம் மொழியில் அச்சொல்லுக்கு அன்னை என்று பொருள். முகம் திருப்பி அமர்ந்திருக்கும் இரு ஆண்களுக்கிடையே இத்தகைய மூத்த பெண்கள் இணக்கம் செய்வதுண்டு. ஒருவனின் உடலைக் கோதிவிட்டு, அவன் பின்தொடர மெல்ல மற்றவனிடம் செல்வர். இருவருக்கும் நடுவே அமர்வர். பின்னர் ஓசையின்றி எழுந்துபோவர். எஞ்சிய இருவரும் ஒருவரையொருவர் கோதத் தொடங்குவர்.

இதனைப் படித்தபோது என் வாப்பும்மாவை எண்ணிக்கொண்டேன். என் வாப்பாவும் சாச்சாவும் கடைக் கணக்கில் மனத்தாங்கல் கொண்டு, எதிரெதிர் வீட்டிலிருந்தும் ஓராண்டுக்கு மேல் பேசாதிருந்தனர். வாப்பும்மா எவரிடமும் நியாயம் பேசவில்லை. ஒரு நாள் நண்பகலில் சாச்சா வீட்டிலிருந்து, முழங்கால் வலிப்பதால் தம்மை அழைத்துப்போக வருமாறு மூத்த மகனுக்குச் சொல்லியனுப்பினார். வாப்பா வாசலில் வந்து நின்றார். "காக்கா வெயில்ல வந்திருக்கான், சஹனைப் பெரிசா வைக்கச் சொல்லு" என்றார் இளைய மகனிடம். இருவரும் ஒரே சஹனில் அமர்ந்ததும், அந்த முழங்கால் வலியோடு எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். கணக்குத் தீர மேலும் ஈராண்டு ஆயிற்று. பேச்சு அன்றே மீண்டது.

விலங்குலகம் அனைத்தும் அமைதிப் பூங்கா என்று நான் கூறவில்லை. அதே ஆர்ன்ஹெமில் 1980-இல், ஆண்கள் மட்டும் தங்கிய இரவுக்கூண்டில் லூயிட் என்ற சிம்பன்சியை மற்ற இரு ஆண்களும் தாக்கிக் கொன்றன. இடையே அமர அங்கு மூத்த பெண் எவருமில்லை.

இணக்கம் பிறவிக்குணம் மட்டுமன்று, பயிற்சியால் வருவதுமாகும் என்பதே இளைஞர் கருதவேண்டிய செய்தி. டி வாலும் அவர்தம் துணைவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் சமாதானமாகாத ரீசஸ் குரங்குக் குட்டிகளைச் சமரசப் பண்பு மிக்க குட்டைவால் குரங்குகளோடு ஐந்து மாதம் வாழவிட்டனர். ரீசஸ் குட்டிகள் சமாதானம் செய்துகொள்வது பன்மடங்கு உயர்ந்தது. பிரித்துத் தனியே வைத்த பின்னும் அப்பழக்கம் நீங்கவில்லை. சேர்க்கை என்பதன் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெரியோர் இல்லாத கூட்டத்தின் நிலையைத் தென்னாப்பிரிக்காவின் பிலனெஸ்பர்க் சரணாலயம் காட்டிற்று. பெற்றோரை இழந்து அங்குக் கொண்டுவரப்பட்ட இளம் யானைகள், மூத்த ஆண்களின் துணையின்றி வளர்ந்தன. உரிய வயதுக்கு முன்பே அவற்றுக்கு மதம் பிடித்தது. 1992 முதல் 1997 வரை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை அவை கொன்றன. 1998-இல் குரூகர் பூங்காவிலிருந்து ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொணர்ந்து விட்டனர். இளையவற்றின் மதக்காலம் சுருங்கிற்று, கொலையும் நின்றது. அம்மூத்த யானைகள் செய்தது யாது? உடன் இருந்தன, அவ்வளவே.

மாணவச் செல்வங்களே, விடுதியிலும் வீட்டிலும் தெருவிலும் பிணக்கு எழுவது இயல்பு. கொம்பு பூட்டுமுன் இருக்கும் வாயில்களில் சற்று நில்லுங்கள். பூட்டிய பின்னும் கை நீட்டும் வழி அடைபடுவதில்லை. சமுதாயப் பெரியோர்களிடம் நான் வேண்டுவதும் ஒன்றுண்டு. தீர்ப்புச் சொல்லப் பலர் கிடைப்பர். இருவருக்கும் நடுவே வந்து அமர்வதற்கே இன்று ஆள் குறைவு. எங்கள் தெருவில் வாப்பும்மா விட்டுச்சென்ற அந்த இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. உங்கள் தெருவிலும் அத்தகைய இடம் ஒன்று இருக்கக்கூடும்.