ஆழம் எங்கிருந்து?

தூத்துக்குடிக் கடற்கரையில் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வோம். இரண்டு கையையும் விரித்துக் கயிற்றைப் பிடித்தால் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. முத்துக் குளித்த பார்கள் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்துப் பாகத் தண்ணீரில் கிடந்தன. ஆனால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கும்போது கயிறு சாய்ந்துவிடும், பாகம் கூடுதலாகக் காட்டும். பழைய கப்பல்காரர்கள் ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பு அப்பி இறக்குவார்கள். ஒட்டி வருவது மணலா, சேறா, பாறைத் துணுக்கா என்று பார்த்த பிறகே எங்கே நிற்கிறோம் என்று முடிவுசெய்வார்கள்.

நான் பார்ப்பதும் ஆழத்தை நம்பிய வேலைதான்: எண்ணெய்க் கிணற்றில் லாக்கிங். நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம் என்று காவிரிப் படுகையின் வயல்களுக்கு நடுவே நிற்கும் ரிக்குகள்தான் என் இடம். கருவியைக் கேபிளில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே பாறையின் குணங்களைப் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவில் எது தவறினாலும் பிறகு திருத்திவிடலாம். ஆழம் தவறினால் மற்ற அத்தனையும் வேறொரு பாறைக்குப் போய்ச் சேரும்.

ஒரே கிணற்றுக்கு இரண்டு கணக்கு உண்டு. துளையிடுபவர்கள் குழாய்களை மேலே கிடத்தி, ஒவ்வொன்றாக டேப் பிடித்து அளந்து கூட்டுவார்கள். வெயிலில் கிடக்கும் அந்தக் குழாயே மூவாயிரம் மீட்டருக்குத் தொங்கும்போது தன் எடையாலும் உள்ளே நூறு டிகிரியைத் தாண்டும் சூட்டாலும் சில மீட்டர் நீண்டுவிடுகிறது. எங்கள் கேபிளும் நீளும். அதை அளக்கும் சக்கரங்கள் தேயும். சேறும் கிரீஸும் படிந்தால் வழுக்கும். அதனால் அடியைத் தொட்டதும் இரண்டு எண்களும் ஒத்துப்போவது அபூர்வம். எது சரி என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். நான் பாறையைப் பார்க்கச் சொல்வேன். பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளக்கும் காமா ரே களிமண் பாறையில் ஏறும், மணற்பாறையில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் கிணற்றுக்குக் கிணறு மாறும் கைரேகை. முதல் ஓட்டத்தின் ஆழத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த லாக்குகளை அந்தக் கோட்டோடு பொருத்தி நகர்த்துகிறோம்.

2011இல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ கிணற்றில் எரிவாயு கண்டது. தண்ணீர் மட்டும் 1,354 மீட்டர். துளையிட்டது சிக்யூ என்ற ஜப்பானியக் கப்பல். எரிவாயு இருந்த மணற்பாறை 3,043.8 முதல் 3,068.7 மீட்டர் வரை என்று அறிவித்தார்கள். எங்கள் கரைக்கு எதிரே நடந்த வேலை என்பதால் அந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே 24.9 மீட்டர். ஒரே ஓட்டத்தில், ஒரே கேபிளில் பதிவான இடைவெளி என்றால் அதை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். 3,043.8 என்பதை நம்ப வேண்டுமானால், எந்தத் தளத்திலிருந்து, எந்தத் திருத்தத்தோடு என்று கேட்டாக வேண்டும். தசமப் புள்ளி இருப்பதாலேயே ஓர் எண் துல்லியமாகிவிடாது.

நிலத்திலும் இதே கேள்விதான். ஆழத்தை ரிக் தளத்தின் ரோட்டரி டேபிளிலிருந்து எண்ணுகிறோம். அது தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் இருக்கும். கிணறு முடிந்ததும் ரிக் போய்விடும். எண்ணத் தொடங்கிய இடமே இல்லாமல் போகும். பத்து வருடம் கழித்துப் பழுதுபார்க்க வரும் சிறிய ரிக்கின் தளம் வேறு உயரத்தில் நிற்கும். பழைய உயரம் லாக்கின் தலைப்புத் தாளில் ஒரே ஒரு வரியாகத்தான் இருக்கிறது. நகலெடுக்கும்போது முதலில் தொலைவதும் அந்தத் தாள்தான். மூன்று மீட்டர் மணற்பாறைக்கு நேரே, கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாயான கேசிங்கைத் துளைக்கப் பெர்ஃபரேஷன் கன் வெடிக்க வேண்டிய நாளில் இது சாதாரண விஷயமில்லை. கொஞ்சம் கீழே போனால் எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீர் வரும். கேசிங்கில் போட்ட துளையை மூடச் சிமெண்ட் வேண்டும், நாட்கள் வேண்டும்.

தலைப்புத் தாள் இருந்தாலும், கன் இறக்குவதற்கு முன் கேசிங்குக்குள் காமா ரேயும் காலர் லாக்கும் ஒருமுறை ஓட்டச் சொல்வேன். காமா இரும்பைத் தாண்டியும் பாறையைக் காட்டும்; காலர் லாக் குழாய் மூட்டுகளைக் காட்டும். வேண்டுமென்றே நடுவில் போட்ட குட்டைக் குழாய் ஒன்று இருந்தால், இரண்டு மூட்டுகள் நெருங்கி வரும் இடம் உடனே தெரிந்துவிடும். கன்னோடும் காலர் கருவி ஒன்று போகும். அந்த மூட்டை அடையாளம் வைத்துத்தான் கன்னை நிறுத்துவோம். இந்தக் கூடுதல் ஓட்டத்துக்கு ரிக் சில மணி நேரம் சும்மா நிற்க வேண்டும், வாடகை ஓடும், தளத்தில் யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் ஒவ்வொரு கிணற்றிலும் அதற்காக வாதாடுகிறேன்.