மொன்றியலில் நாலு டயர்

நவம்பரில் மொன்றியலைச் சுற்றிப் பார்க்கப் போன என்னை, அக்கா நேராக டயர் கடைக்குத்தான் கூட்டிப்போனார். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். மூன்று முகடு மலைக்குள் பனிப்பூ முத்திரை இருக்க வேண்டும். நமக்கோ டயர் தேய்ந்ததா என்று பார்ப்பதோடு சரி!

"நாலு சக்கரமும் இழுக்கிற எஸ்யூவிதானே, ரெண்டை மட்டும் மாற்றினால் போதாதா?" என்றார் அக்கா. விலை அப்படி.

"அது வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது" என்றார் கடைக்காரர். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடுமாம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. போன வருடம் ஓர் இறக்கத்தில், பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போனதாம். பின்னிருக்கையில் மகள். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"நாலையும் மாற்றுங்கள்" என்றார்.

பழைய டயர்களைப் பின்னால் அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். வெளியே 3 டிகிரி.