தகரப் பெட்டியும் தணிக்கை அறிக்கையும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவருக்கு நிச்சயம் சொந்த வீடு இருந்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருந்திருந்தால், 'பரணைக் காலி பண்ணிப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்.

நாங்கள் போன மாதம் வீடு மாற்றினோம். அதற்கு முன்பே என் மனைவி ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டாள். ஒரு வருஷம் யாரும் தொடாத சாமான் புது வீட்டுக்கு வராது! (நல்லவேளை, சாமானுக்கு மட்டும்தான். எனக்கில்லை.)

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டிக்கொண்டது என் தகரப் பெட்டி. ஒரு காலத்தில் பிஸ்கெட் டின். பத்து வயசிலிருந்து என் சொத்துபத்தெல்லாம் அதில்தான்.

"என்னங்க, இந்தக் குப்பையைப் போட்டுடலாமா?"

நான் பி.காம். எந்தச் சொத்தையும் மதிப்புப் போடாமல் தள்ளுபடி செய்யக்கூடாது என்று படித்தவன். உடனே தரையில் உட்கார்ந்து ஸ்டாக் எடுக்க ஆரம்பித்தேன். என் பெண் அசிஸ்டென்ட் ஆடிட்டர்.

அயிட்டம் நம்பர் 1: இருபத்தைந்து பைசா நாணயங்கள், பதினொன்று.

"இதை வச்சு என்னப்பா வாங்கலாம்?"

"ஒண்ணும் வாங்க முடியாதும்மா. 2011 ஜூன் 30-ஓட செல்லாதுன்னு சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் காசுன்னு சொல்றே?"

ரிசர்வ் வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

அயிட்டம் நம்பர் 2: அறுபது நிமிஷக் கேசட் ஒன்று. பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, நாலு நாள் நடையாக நடந்து வாங்கியது. கேசட் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. போட்டுக் கேட்க டேப் ரிக்கார்டர் இல்லை.

அயிட்டம் நம்பர் 3: முதல் சம்பளம் எடுத்தபோது ஏ.டி.எம். கொடுத்த சீட்டு. ஓர் எழுத்துகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான். நாளாவட்டத்தில் வெளுத்துவிடும். சம்பளமும் அப்படித்தானே, அது பத்தாம் தேதிக்குள்!

இதுவரை தேய்மானம் போக மதிப்பு பூஜ்யம். மனைவியின் முகத்தில் வெற்றிக்களை.

அடியில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்று இருந்தது. ரப்பர் பேண்ட் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உள்ளே மணியார்டர் கூப்பன்கள்.

அப்பாவுக்கு நாக்பூரில் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. 1997 ஜூனிலிருந்து 2004 டிசம்பர் வரை. நாங்கள் கும்பகோணத்தில். வருஷத்தில் ஒரு மாதம் லீவில் வருவார். அந்த மாதம் தவிர மற்ற மாதமெல்லாம் மணியார்டர்தான். ஒவ்வொரு இருபது ரூபாய்க்கும் ஒரு ரூபாய் கமிஷன். இரண்டாயிரம் அனுப்ப நூறு ரூபாய் தண்டம்! ஆனால் அந்த நூறு ரூபாய்க்கு ஒரு வசதி உண்டு. ஃபாரத்தின் அடியில் இருக்கும் கூப்பனில் நாலு வரி எழுதலாம். போஸ்ட்மேன் அதைக் கிழித்து அம்மாவிடம் தருவார். பணம் அம்மாவுக்கு, படித்தபின் கூப்பன் எனக்கு என்பது எங்கள் ஒப்பந்தம். பிற்பாடு வந்த எலெக்ட்ரானிக் மணியார்டரில் கைப்பட எழுத இடமில்லை. தயாராக இருக்கும் வாசகங்களில் ஒன்றைத்தான் பொறுக்க வேண்டும்.

அப்பா பேசாமடந்தை. இன்றைக்கும் எனக்கும் அவருக்கும் நடக்கும் சம்பாஷணை, "பேப்பர் வந்துதா?", "மாத்திரை போட்டாச்சா?" இவ்வளவுதான். சின்ன வயசில் அவர் எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் விருந்தாளி மாதிரி.

கூப்பனில் இருந்தவர் வேறு ஆள். 'மழை என்று பேப்பரில் பார்த்தேன். குடை வாங்கிக்கொள். செருப்பு அடுத்த மாதம்.' பால் பாயின்ட் பேனா, இன்னும் பளிச்சென்று இருக்கிறது. இன்னொன்று: 'கணக்கில் 38 என்று எழுதியிருந்தாய். பையனை அடிக்காதே. நான் அந்த வகுப்பில் 32.'

கணக்கில் எப்போதும் தான்தான் ஃபர்ஸ்ட் என்று என் பெண்ணிடம் போன வாரம்கூட அளந்துகொண்டிருந்த மனிதர்!

மனைவி வாங்கிப் படித்தாள். சட்டம் வாபஸ். மொத்தம் எண்பத்திரண்டு கூப்பன்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சணல் கயிறு கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

மணியார்டர் ஃபாரத்தில் இன்னொரு துண்டும் உண்டு. பணம் வாங்கியவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை, அனுப்பியவருக்கே திரும்பப் போகும். ஒவ்வொன்றிலும் அம்மாவின் கோணல் கையெழுத்து. அவர் அவற்றை நாக்பூரிலிருந்து சுமந்துவந்து, இருபது வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறார்.

1494-ல் வெனிஸ் நகரத்தில் லூகா பாசியோலி என்ற பாதிரியார் இரட்டைப் பதிவு முறையைப் புத்தகமாக அச்சிட்டார். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது பாடம். மூன்று வருஷம் காலேஜில் படித்தும் மண்டையில் ஏறாதது, மாடிப்படியில் ஏறியது. வரவு என் பெட்டியில், பற்று அவர் பெட்டியில்.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். ஸ்டோர் கீப்பர் ஆயிற்றே!

"எங்கிட்ட எண்பத்திநாலு இருக்கு. உன்கிட்ட எண்பத்திரண்டுதான். ரெண்டு கூப்பன் எங்கேடா?"

தேதிவாரியாக அடுக்கி டிக் பண்ணினோம். ஒரு மணி நேரம். என் நினைவுக்கு, நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். விட்டுப்போனவை 1999-ல் ஒன்று, 2002-ல் ஒன்று.

உள்ளே பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அந்த ரெண்டும் எங்கிட்ட இருக்கு. தேடாதீங்க."

"எங்கேம்மா? காட்டேன், கணக்கு டாலி ஆகணும்."

"அதெல்லாம் காட்ட முடியாது. அது எனக்கு எழுதினது."

அப்பா அவசர அவசரமாகப் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அது முந்தின நாள் பேப்பர்.