தெரிந்த முகங்களின் சண்டை

"இவரும் அவரும் மோதினால் யார் வெல்வார்?" என்ற கேள்வி சிறுவர்களின் உலகில் மிகவும் பழையது. 1972 இல் தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸ் புத்தகங்கள் தமிழகத்திலிருந்து கடல் கடந்து எமது கைகளுக்கும் வந்து சேர்ந்த காலத்தில், பாடசாலை மதிலில் அமர்ந்து நாம் விவாதித்த பெரும் பிரச்சினை, இரும்புக்கை மாயாவியும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் எதிரெதிரே நின்றால் முடிவு என்னவாகும் என்பதே. எந்தப் புத்தகமும் அதற்குப் பதில் தரவில்லை. அவர்கள் இருவரும் வெவ்வேறு கதைகளின் குடிமக்கள்.

இந்த ஆசை சிறுவர்களுக்கு மாத்திரம் உரியதன்று. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சேர்ந்து நடித்த ஒரேயொரு திரைப்படம் 1954 இல் வெளிவந்த 'கூண்டுக்கிளி'. அதன் பிறகு அவர்களிருவரும் ஒரே படத்தில் நடிக்கவில்லை. ஆனால், அவர்களை மோதவிடும் வேலையை ரசிகர்கள் தேநீர்க் கடைகளில் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து செய்துவந்தார்கள்.

இந்தப் பழைய கேள்விக்கு விளையாடிப் பார்த்து விடை காணக்கூடிய ஒரு களத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். 1999 ஜனவரியில் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சுப்பர் ஸ்மாஷ் பிறதர்ஸ்' என்ற வீடியோ விளையாட்டைப் பற்றியே கூறுகிறேன். 1981 இல் 'டொங்கி கொங்' விளையாட்டில் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்த மரியோ, 1986 இல் 'செல்டா' கதையில் வாளேந்தி வந்த லிங்க், 1996 இல் பிறந்த பொக்கிமொன் உலகின் மஞ்சள் நிறப் பிக்காச்சு என்று 12 பாத்திரங்கள் அதில் ஒரே மேடையில் நின்றார்கள். ஒரே நேரத்தில் நால்வர் விளையாடலாம். 2018 டிசெம்பரில் வெளியான 'அல்டிமேட்' என்ற பதிப்பில், 2021 ஒக்டோபர் வரை சேர்க்கப்பட்டவர்களையும் கணக்கிட்டால், இந்தத் தொகை 89 ஆக உயர்ந்தது. அந்தப் பதிப்பு மாத்திரம் 3 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகியிருக்கிறது.

முதல் விளையாட்டின் ஆரம்பக் காட்சியைக் கவனித்தவர்களுக்கு அதன் கவர்ச்சியின் இரகசியம் ஓரளவு புரிந்துவிடும். வெள்ளைக் கையுறை அணிந்த ஒரு கை பெட்டிக்குள்ளிருந்து பொம்மைகளை எடுத்து ஒரு மேசை மீது வைக்கிறது. மேசை போர்க்களமாக மாறுகிறது, பொம்மைகள் உயிர்பெறுகின்றன. தனியாக விளையாடுபவர் இறுதியில் எதிர்கொள்ள வேண்டியதும் அந்தக் கையைத்தான். வெவ்வேறு கதைகளைச் சேர்ந்த பொம்மைகளை ஒரே பாயில் பரப்பி வைத்துச் சண்டை மூட்டும் ஒரு பிள்ளையின் கை அது. உலகின் எந்த மூலையிலுள்ள பிள்ளைக்கும் அந்தக் கையை அடையாளம் தெரியும்.

இதை உருவாக்கிய மசாஹிரோ சகுராய் முதலில் செய்த முன்மாதிரியில் இந்தப் பாத்திரங்கள் எவையும் இருக்கவில்லை. 'டிராகன் கிங்' என்று பெயரிடப்பட்டிருந்த அதில் முகமற்ற உருவங்களே மோதிக்கொண்டன. அப்போது எச்.ஏ.எல். லபோரட்டரி நிறுவனத்தின் தலைவராகவும் பின்னர் 2002 இல் நிண்டெண்டோவின் தலைவராகவும் விளங்கிய சட்டோரு இவாட்டா, அதற்கான நிரலை வார இறுதி நாட்களில் தாமே எழுதினார். வீட்டில் விளையாடப்படும் ஒரு சண்டை விளையாட்டில் அறிமுகமற்ற முகங்களைக் கொண்டு ஆட்களை ஈர்ப்பது கடினம் என்று சகுராய் கருதினார். எனவே, அனுமதி எதையும் கேட்காமலே மரியோ, டொங்கி கொங், சாமஸ், பொக்ஸ் ஆகிய நால்வரையும் அதில் சேர்த்து, நன்றாக விளையாடக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அவர் ஒப்புதல் பெறச் சென்றார். மேலிடத்தின் அங்கீகாரத்துக்குக் காத்திராமல் எழுதி முடித்துவிட்டுப் பிறகு ஆசிரியரின் மேசைக்குக் கொண்டுசெல்லும் செய்தியாளர்களை நான் அறிவேன். அத்தகைய துணிச்சல் எல்லாத் தொழில்களிலும் இருக்கிறது போலும்.

தெரிந்த முகங்கள் என்பது இங்கு வெறும் விளம்பரத் தந்திரம் அல்ல. கூத்துப் பார்க்கச் செல்பவர் கர்ணன் யார் என்று கேட்பதில்லை. கர்ணனின் கதை அவருடனேயே கொட்டகைக்கு வருகிறது. அதைப் போலவே மரியோ திரையில் தோன்றியவுடன், அவர் குதிப்பார், தீப்பந்து எறிவார் என்பது விளையாடுபவருக்கு ஏற்கெனவே தெரியும். பாதி விதிகளை முகமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. 1990 களின் முற்பகுதியில் நிண்டெண்டோவின் கடும் போட்டியாளராக இருந்தது சேகா நிறுவனம். அதன் நீலநிற முள்ளெலியான சொனிக், 2008 இல் வெளியான 'பிரோல்' பதிப்பில் மரியோவுடன் மோத வந்தபோது ஒரு தலைமுறையினர் அடைந்த மகிழ்ச்சி, கூண்டுக்கிளி பார்க்கச் சென்றவர்களின் மகிழ்ச்சிக்குக் குறைந்ததாக இருந்திருக்காது.

முகங்களுக்கு அடுத்தபடியாக விதிகளைப் பற்றியும் கூறவேண்டும். ஒருமுறை ஓர் ஆர்க்கேட் நிலையத்தில் 'தி கிங் ஒஃப் பைட்டர்ஸ் 95' என்ற விளையாட்டில் தாம் தோற்கடித்த எதிராளி, அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த ஓர் இளம் ஜோடி என்பதை அறிந்து தாம் வருந்தியதாகச் சகுராய் கூறியிருக்கிறார். சண்டை விளையாட்டுக்கள் புதியவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன என்பது அவரது கவலை. அதனால் 'ஸ்மாஷ்' விளையாட்டில் மனனம் செய்யவேண்டிய நீண்ட பொத்தான் வரிசைகள் இல்லை. எல்லாப் பாத்திரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே கட்டளைகள். அடி வாங்குபவரின் உயிர்ப்பலம் குறைவதற்குப் பதிலாக ஒரு சதவீத எண் ஏறுகிறது. எண் ஏற ஏற, அவர் அடுத்த அடிக்கு மேலும் தூரம் பறந்து செல்வார். மேடைக்கு வெளியே எறியப்பட்டவர் விழாமல் திரும்பி வர முயலலாம். முடியாமற் போனாலும், மீதமுள்ள வாய்ப்புடன் வானிலிருந்து மீண்டும் இறங்கி வருவார்.

தேர்ச்சி பெற்றவர்கள் இந்தத் தாராளத்தை எப்போதும் விரும்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. 2001 இல் வெளியான 'மெலே' பதிப்பின் வேகத்தில் மயங்கியவர்கள், பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தேடிப்பிடித்து இன்றும் அதற்குப் போட்டிகள் நடத்துகிறார்கள். 'பிரோல்' பதிப்பில் வேகத்தைக் குறைத்து, பாத்திரங்கள் தற்செயலாக இடறி விழும்படியும் சகுராய் செய்தபோது அவர்கள் கடுமையாக ஆட்சேபித்தனர். வல்லவனுக்கு ஒரு களமா, எல்லோருக்கும் ஒரு முற்றமா என்ற அந்த வாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நான் முற்றத்தின் பக்கம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஓகஸ்டில் கனடாவிலிருந்து அக்காவின் பேரன் எமது வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருந்தான். வயது பத்து. தமிழ் விளங்கும், பேச வராது. யாழ்ப்பாணத்திலிருந்து அவனைப் பார்க்க வந்த தம்பியின் மகனுக்கு வயது பதினொன்று. அவனுக்கு ஆங்கிலம் பாடப்புத்தகத்துக்கு அப்பால் இல்லை. இரண்டு நாட்களாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் கனடாப் பிள்ளை தனது நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தான். திரையில் பிக்காச்சுவைக் கண்டவுடன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, "இவனை எனக்குத் தெரியும்!" என்று கத்தினான். கூடத்தில் எழுந்த சத்தம் இரவு சாப்பாடு வரையில் ஓயவில்லை.

முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகையில் பணிபுரிந்தவன் நான். அவற்றில் பெரும்பகுதி, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையைத் தலைப்பில் இடுவதிலேயே கழிந்தது. வீட்டில் பிள்ளைகள் சண்டையை விளையாட்டாக ஆடுவதைப் பார்க்கும்போது என்னைப் போன்ற ஒருவருக்கு மனம் நெருடவே செய்யும். அதனால் சின்னவனை அழைத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"தாத்தா, பெரியப்பா எண்டெல்லாம் யோசிக்காதேங்கோ, நீங்களும் வந்து அடியுங்கோ" என்றான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருவர் சார்பிலும். பிறகு, "இதில ஒருத்தரும் சாகிறேல்லை, பெரியப்பா. விழுந்தால் திரும்பி வருவினம்" என்றான்.

அந்த வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. நாம் எழுதிய செய்திகளில் விழுந்தவர்கள் எவரும் திரும்பி வரவில்லை என்பதை ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டின் நடுவில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தோற்றவன் அடுத்த ஆட்டத்துக்கும் அதே பாயில், அதே இடத்தில் அமர்ந்திருக்க முடிகிற ஒரு சண்டையை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அது எமது தலைமுறைக்குக் கிட்டாத ஒன்று.

கனடாப் பிள்ளை திரும்பிச் செல்லும்போது அந்தக் கருவியை மற்றவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். அங்கே அவனுக்கு வேறொன்று வாங்கினார்களாம். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை ஆறு மணியாகும் போது ரொறன்ரோவில் கோடைகாலத்துச் சனி இரவு எட்டரை மணி. அந்த நேரத்தில் இருவரும் இணையம் வழியாக விளையாடுகிறார்கள். படம் அடிக்கடி தயங்கி நிற்கிறது என்று முறைப்பாடு. அருகே தொலைபேசியில் வாட்ஸ்அப் அழைப்பு திறந்தே இருக்கும். கனடாப் பிள்ளையின் தமிழ் இப்போது பரவாயில்லை என்று அக்கா சொல்கிறார். அவன் முதலில் பேசப் பழகிய முழு வாக்கியம், "விழுந்திட்டாய், கெதியா திரும்பி வா" என்பதாம்.